ஃபால் கலர் பார்க்கக் காரா, கோச் டூரா? வொயிட் மவுண்டன்ஸில் ஒரு நாள்

தாழம்பூ எழுதியது:

ஒவ்வொரு செப்டம்பரிலும் இங்கே இந்தக் கேள்வி வந்துவிடும். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஃபால் கலர், அதாவது இலையுதிர் காலத்தில் மரங்கள் நிறம் மாறுவதைக் காட்ட வேண்டும், காரில் கூட்டிப் போகலாமா, கைடோடு வரும் கோச் டூரில் போகலாமா? என் பதில் கோச் டூர். அம்மாவோடு போய்வந்த நினைவு பசுமையாக இருக்கும்போதே காரணங்களை எழுதிவிடுகிறேன்.

பாதை இதுதான். பாஸ்டனில் காலை ஏழு மணிக்குக் கிளம்பி ஐ-93 நெடுஞ்சாலையில் வடக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல். நியூ ஹாம்ப்ஷயரில் வொயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரின் ஃபிராங்கோனியா நாட்ச் கணவாய். அங்கிருந்து லிங்கன் ஊருக்கு இறங்கி, காங்கமாகஸ் நெடுஞ்சாலையில் கிழக்கே கான்வே வரை. அப்புறம் வேறு வழியாகத் தெற்கே திரும்பி, இருட்டிய பிறகு பாஸ்டன்.

காங்கமாகஸ் என்பது லிங்கனையும் கான்வேயையும் இணைக்கும் 34.5 மைல் மலைச்சாலை. முழுச் சாலையும் 1959இல்தான் திறந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் பெனக்கூக் பழங்குடி மக்களின் தலைவராக இருந்தவரின் பெயர் அது. கணவாயின் உச்சி 2,855 அடி. வழியில் கேஸ் ஸ்டேஷன் கிடையாது, கடை கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. இருபுறமும் காடு.

இந்தச் சாலையில் கார் ஓட்டுகிறவர் எதைப் பார்ப்பார்? முன்னால் போகிற வண்டியின் பிரேக் விளக்கைப் பார்ப்பார், வளைவைப் பார்ப்பார், போட்டோ எடுக்கத் திடீரென்று ஓரங்கட்டுகிறவர்களைப் பார்ப்பார். மூஸ் என்கிற பெரிய மான் குறுக்கே வரலாம் என்ற எச்சரிக்கைப் பலகையும் உண்டு. பின்சீட்டிலிருந்து அம்மா "அங்கே பாரு" என்றால் திரும்ப முடியாது. பஸ்ஸில் அம்மா "அங்கே பாரு" என்ற ஒவ்வொரு முறையும் நானும் பார்த்தேன். கோச் ஜன்னல் நல்ல உயரம் வேறு. சாலையோர இரும்புத் தடுப்பைத் தாண்டிப் பள்ளத்தாக்கு அடிவரை தெரிந்தது.

அடுத்தது கைடு. எங்களுக்கு வந்தவர் முன்பு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மனப்பாடமாக ஒப்பிக்காமல், ஜன்னலில் என்ன வருகிறதோ அதைப் பேசினார். அம்மாவுக்கு ஒரு சந்தேகம்: "ஒரே மலை, ஒரே வெயில், ஒரே மழை. பக்கத்துப் பக்கத்து மரத்தில் ஒன்று ஏன் சிவப்பு, ஒன்று ஏன் மஞ்சள்?" நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் மைக்கை எடுத்துப் பஸ் முழுவதற்கும் பதில் சொன்னார். மஞ்சள் நிறமி இலையில் கோடையிலேயே இருக்கிறது, பச்சையம் அதை மறைத்து வைத்திருக்கிறது. பகல் சுருங்கச் சுருங்க மரம் பச்சையத்தைப் புதுப்பிப்பதை நிறுத்துகிறது, பச்சை போனதும் மஞ்சள் வெளியே தெரிகிறது. பிர்ச் மரமும் பீச் மரமும் இப்படி. மேப்பிளின் சிவப்பு அப்படி இல்லை. இலையில் தங்கிய சர்க்கரையைக் கொண்டு இலையுதிர் காலத்தில் புதிதாக உண்டாக்கப்படுவது அது. அதனால்தான் பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவுக்குக் குளிர் என்று சில நாட்கள் தொடர்ந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரிகிறது.

அதன்பிறகு அம்மா ஜன்னலை விடவே இல்லை. "இது மேப்பிள், அது பிர்ச்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். பஸ் மேலே ஏற ஏற மேப்பிள் குறைந்து ஸ்ப்ரூஸ், ஃபிர் என்ற ஊசியிலை மரங்கள் கரும்பச்சையாக வருவதையும் அவர்தான் முதலில் கவனித்துச் சொன்னார்.

கூட வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிராங்கோனியா நாட்சில் கேனன் மலையின் பாறை விளிம்பு மனித முகம் போலவே நீட்டிக்கொண்டு இருந்தது. ஓல்டு மேன் ஆஃப் தி மவுண்டன் என்பார்கள். மாநிலத்தின் சின்னமே அதுதான். கம்பி, கொக்கி எல்லாம் போட்டுப் பல ஆண்டுகள் தாங்கிப் பிடித்தும் 2003 மே 3ஆம் தேதி சரிந்து விழுந்துவிட்டது. இப்போது ஏரிக்கரையில் எஃகுக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். உங்கள் உயரத்துக்கென்று குறித்திருக்கும் இடத்தில் நின்று பார்த்தால் கம்பத்தின் மேடுபள்ளமும் மலையின் விளிம்பும் சேர்ந்து பழைய முகம் தெரியும்.

எங்கள் முன்சீட்டில் ஒரு பாட்டி, அந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர், பேரனோடு வந்திருந்தார். சின்ன வயதில் அப்பாவின் காரிலிருந்து நிஜ முகத்தையே பார்த்தவர். அம்மாவைத் தோளைப் பிடித்துச் சரியான குறியில் நிறுத்தி, முகவாயை ஒரு விரலால் லேசாக நிமிர்த்தினார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் "தெரியுது, தெரியுது, மூக்கு தெரியுது" என்று அவர் தமிழில் சொன்னதைப் பாட்டி புரிந்துகொண்டு கைதட்டினார். முகம் விழுந்த அந்த வாரத்தில் மக்கள் பூங்கொத்து கொண்டுவந்து வைத்ததையும் அவரே சொன்னார். நான் மட்டும் காரில் கூட்டிப் போயிருந்தால் அங்கிருந்த பலகையை அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

போய்வந்தவர்கள் எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள்.

---

வழிப்போக்கன் எழுதியது:

அம்மா கதை மனசுக்கு நிறைவாக இருந்தது, தாழம்பூ. ஆனால் முடிவில் எனக்கு உடன்பாடு இல்லை.

நானும் அப்பா அம்மாவோடு இதே மாதிரி டூரில் போயிருக்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அருவி ஸ்டாப்பில் பதினைந்து நிமிடம், அவுட்லெட் கடைகள் இருக்கும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் இறங்கினால் பாதி நேரம் கழிப்பறை வரிசையில் போய்விடுகிறது. அப்பாவுக்குக் கடையில் வாங்க எதுவும் இல்லை, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலையைப் பார்க்க வந்தவர் பார்க்கிங் லாட்டைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தார். எனக்கு அன்று உண்மையிலேயே கோபம் வந்தது.

மறுவருடம் காரில் போனோம். விடிவதற்கு முன்பே கிளம்பி, ஸ்விஃப்ட் ஆற்றில் லோயர் ஃபால்ஸ் பக்கம் பாறையில் உட்கார்ந்து காலை உணவு. சபடே அருவிக்கு மெதுவாக நடை. கூரை போட்ட ஆல்பனி மூடுபாலம் 1858இல் மரத்தால் கட்டியது. அப்பா அந்தக் கட்டுமானத்தை ஒவ்வொரு சட்டமாகப் பார்த்தார், யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த நிதானத்தை எந்த கைடும் தர முடியாது.

---

தாழம்பூ எழுதியது:

வழிப்போக்கன் அண்ணா, அப்பாவை அப்படி உட்காரவைத்தது எனக்கும் கஷ்டமாக இருக்கிறது. கடை ஸ்டாப் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். நாங்கள் போன டூரில் கான்வேயில் மதிய உணவுக்கு மட்டும்தான் நிறுத்தினார்கள். ஸ்டாப்புகளின் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால்தான் அப்படி அமைந்தது. ஆக பஸ் என்பதாலேயே கெட்டுப்போகவில்லை, அந்த அட்டவணையில்தான் கோளாறு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அன்று காரை ஓட்டியது யார்? விடியுமுன் கிளம்பி, நாளெல்லாம் மலையில் ஓட்டி, திரும்பவும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருட்டில் ஓட்டியவர் அப்பாவோடு எவ்வளவு பேச முடிந்தது?

---

வழிப்போக்கன் எழுதியது:

ஓட்டியது நான்தான். ஆற்றங்கரையில் நிறையப் பேசினோம். திரும்பும்போது பேசவில்லை, அது உண்மை. அவர்கள் தூங்கிவிட்டார்கள், நான் காபி குடித்துக்கொண்டே ஓட்டினேன். இருந்தாலும் மறுபடி காரில்தான் போவேன்.

---

செங்காந்தள் எழுதியது:

நான் எங்கள் பகுதி மூத்தோர் குழுவுக்கு அக்டோபரில் பஸ் ஏற்பாடு செய்கிறவள். இரண்டு பக்கமும் படித்தேன். பஸ் எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் சில கோபங்கள் குறையும்.

அமெரிக்காவில் கோச் டிரைவர்களுக்குக் கூட்டாட்சி விதி இருக்கிறது. எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு அதிகபட்சம் 10 மணி நேரம் ஓட்டலாம். பணியில் இருந்த நேரம் மொத்தம் 15 மணி ஆகிவிட்டால் அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. பாஸ்டனிலிருந்து காங்கமாகஸ் சுற்றி வருவது இந்த வரம்புக்குள் அடங்கும், ஆனால் தாராளமாக இல்லை. ஒரு ஸ்டாப்பில் இரண்டு பேர் இருபது நிமிடம் தாமதம், அடுத்ததில் வேறு யாரோ தாமதம், கூடவே டிராஃபிக் என்றால் கடைசி ஸ்டாப்பை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கடைசி ஸ்டாப் பெரும்பாலும் சாயங்கால வெயிலில் மலை தகதகக்கும் இடமாக இருக்கும். நேரத்துக்கு வந்தவர்கள் அதை இழப்பார்கள்.

எங்கள் குழுவில் இதைக் காலையிலேயே மைக்கில் சொல்லிவிடுவேன். "உங்களுக்காகக் காத்திருக்கும் நேரத்தைப் பக்கத்து சீட்டுக்காரரின் அருவியிலிருந்து எடுக்கிறோம்" என்று. ஒவ்வொருவரும் ஒரு ஜோடிக்குப் பொறுப்பு: அந்த இரண்டு பேரும் ஏறியாயிற்றா என்று பார்க்க வேண்டும். மலையில் சிக்னல் இல்லாததால் போன் செய்து தேட முடியாது. வாட்ஸ்அப்பை நம்பி இறங்காதீர்கள். இறங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள், பஸ் எண்ணைப் பாருங்கள், ஏனென்றால் அக்டோபரில் ஒரே நிறத்தில் ஐந்தாறு பஸ்கள் நிற்கும்.

வழிப்போக்கன் சொன்ன கடை ஸ்டாப் பற்றி: டிரைவருக்கும் உட்கார்ந்து சாப்பிட, காலை நீட்டத் தொடர்ச்சியாகக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்கு ஓர் இடத்தில் நீண்ட நிறுத்தம் தேவை. ஆனால் அது கடை வாசலாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நான் எப்போதும் ஆற்றங்கரையோ பூங்காவோ இருக்கும் இடமாகக் கேட்டு வாங்குவேன். பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நீண்ட ஸ்டாப் எங்கே, எவ்வளவு நேரம்?

---

மருதம் எழுதியது:

செங்காந்தள் அக்கா, தாழம்பூ அக்கா, என் மாமியாருக்கு முழங்கால் வலி. வளைவுச் சாலையில் தலைசுற்றலும் உண்டு. அவர்களைக் கூட்டிப் போகலாமா? ஃப்ளூம் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் பட்டியலில் இருக்கிறது, நடக்க முடியுமா?

---

செங்காந்தள் எழுதியது:

தாராளமாகக் கூட்டிப் போங்கள், மருதம். முன்பக்க சீட் கேளுங்கள், முன்பதிவின்போதே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். ஹான்காக் காட்சிமுனை அருகே ஒரு கொண்டைஊசி வளைவு இருக்கிறது, பின்சீட்டில் அது நன்றாகவே ஆட்டும். தலைசுற்றல் மாத்திரை எடுப்பவராக இருந்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பஸ் கிளம்புமுன் போடச் சொல்லுங்கள்.

ஃப்ளூம் முழுச் சுற்று சுமார் இரண்டு மைல், படிகள் நிறைய. முழங்கால் வலியோடு வேண்டாம். கீழே நுழைவு மையத்தில் உட்கார இடம் இருக்கிறது, அங்கிருந்தே மலை தெரியும். ஆனால் தனியாக உட்காரவைக்காதீர்கள். எங்கள் குழுவில் நடக்காதவர்கள் எப்போதும் நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள், நடந்தவர்களைவிட அவர்கள் அரட்டைதான் பலமாக இருக்கும்.

நடக்க முடிந்தவர்களுக்கு அருமையான இடம் அது. இருபுறமும் 70 முதல் 90 அடி கருங்கல் சுவர், நடுவில் ஓடை, பக்கவாட்டில் மரநடைபாதை. 1808இல் மீன் பிடிக்கப் போன ஒரு 93 வயதுப் பாட்டிதான் இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு பெரும்பாறை தொங்கிக்கொண்டிருந்ததாம், 1883 மழையில் அடித்துப் போய்விட்டது. 93 வயதுப் பாட்டி என்றதும் எங்கள் குழுவில் எழுந்து நிற்பவர்கள் அதிகம்!

---

பொதிகை எழுதியது:

தாழம்பூவின் கைடு நிறமியைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். நான் காட்டியல் படித்தவன், அதனால் இன்னொன்று சேர்க்கிறேன். பஸ்ஸில் இதையும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

இந்த மலைகளை ஆதிகாலம் தொட்டு இப்படியே இருக்கும் கன்னிக்காடு என்று நினைத்துவிடக்கூடாது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பகுதியை மரக்கம்பெனிகள் ரயில்பாதை போட்டு மொட்டையடித்தன. லிங்கன் ஊரே ஒரு மரக்கம்பெனியைச் சுற்றி வளர்ந்த ஊர். வெட்டிப்போட்ட கிளைகள் காய்ந்து, பெரும் காட்டுத்தீ. மலையில் மரம் இல்லாததால் கீழே ஆறுகளில் வெள்ளம், அப்புறம் வறட்சி. ஆற்றுநீரை நம்பியிருந்த ஆலைகளுக்கும் பாதிப்பு. அழகு போயிற்று என்று மட்டும் சொல்லியிருந்தால் வாஷிங்டனில் யாரும் அசைந்திருக்க மாட்டார்கள். ஆறு கெட்டது என்ற வாதம்தான் வேலை செய்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜான் வீக்ஸ் கொண்டுவந்த சட்டம் 1911இல் நிறைவேறியது. ஆறுகளின் நீர்ப்பிடிப்புப் பகுதிகளைக் காக்க, கிழக்கு மாநிலங்களில் தனியார் நிலத்தை அரசே விலைக்கு வாங்கிக் காடாக்க அது வழிசெய்தது. அப்படி வாங்கிச் சேர்த்ததுதான் 1918இல் வொயிட் மவுண்டன் தேசியக் காடு ஆனது. இன்று சுமார் 8 லட்சம் ஏக்கர்.

இதற்கும் நிறத்துக்கும் தொடர்பு இருக்கிறது. வெட்டப்பட்ட, எரிந்த நிலத்தில் முதலில் முளைத்து ஏறுவது வெள்ளைப்பட்டை பிர்ச் போன்ற வெளிச்சம் விரும்பும் மரங்கள். மலைச்சரிவில் பட்டை பட்டையாக மஞ்சள் தெரியும் இடங்களில் பல, பழைய வெட்டும் தீயும் நடந்த இடங்கள். அந்த மஞ்சளைப் பார்க்கும்போது நூறு வருடத்துக்கு முன்பு அது சாம்பலாகக் கிடந்தது என்பதும், மக்கள் சேர்ந்து போராடி அதை மீட்டார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் மிகவும் விரும்புகிறேன். வெட்டினால் தானாக வளர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால், சட்டம் போட்டு, காசு கொடுத்து வாங்கி, காவல் வைத்த பிறகுதான் வளர்ந்தது என்று சொல்லுங்கள்.

---

வழிப்போக்கன் எழுதியது:

பொதிகை சார், அந்த வழியாகப் பலமுறை ஓட்டியிருக்கிறேன், இது தெரியாது. எந்த வியூபாயின்ட்டில் அந்த மஞ்சள் பட்டைகள் நன்றாகத் தெரியும்?

---

பொதிகை எழுதியது:

பெமிகவாசெட் காட்சிமுனையில் நின்று எதிர்ச்சரிவைப் பாருங்கள். மேலே கரும்பச்சை, நடுவே மஞ்சள், கீழே மேப்பிளின் சிவப்பு கலந்த பகுதி. மேகமூட்டமான நாளில் இன்னும் தெளிவாகப் பிரிந்து தெரியும். மழைத்தூறல் என்று டூரை ரத்து செய்யாதீர்கள், நனைந்த இலையில் நிறம் ஆழமாக இருக்கும்.

---

வெண்ணிலா எழுதியது:

நாங்கள் போனது வேறு பாதை. கான்வேக்கு வடக்கே திரும்பி 302ஆம் சாலையில் கிராஃபர்டு நாட்ச் வழியாக பிரெட்டன் வுட்ஸ். அங்கே எங்கள் கைடு சொன்ன ஒரு சம்பவம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை.

1826 ஆகஸ்டில் பெருமழை. கணவாயில் விடுதி நடத்திய வில்லி குடும்பம், மலை சரிகிற சத்தம் கேட்டு வீட்டைவிட்டு ஓடியது. சரிவு வீட்டுக்கு மேலே இருந்த பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் போய்விட்டது. வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடியவர்கள் எல்லோரும் இறந்தார்கள், கணவன், மனைவி, ஐந்து பிள்ளைகள், வேலையாட்கள் இரண்டு பேர். கைடு இதைச் சொல்லி முடித்தபோது பஸ் சரியாக அந்த இடத்தில் இருந்தது. அதுவரை செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள்கூட ஜன்னல் பக்கம் வந்து மலையின் வடுவைத் தேடினார்கள். அதன்பிறகுதான் பஸ்ஸில் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தோம். காலையில் இயர்போனோடு ஏறியவர் சாயங்காலம் எங்கள் பிள்ளைக்கு வாஷிங்டன் சிகரத்தில் 1934இல் மணிக்கு 231 மைல் காற்று அடித்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

காரில் போயிருந்தால் 302 வெறும் அழகான சாலை. எனவே என் ஓட்டு தாழம்பூவுக்கு.

---

மருதம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாமியாரிடம் வில்லி கதையைச் சொன்னேன், அந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்கிறார். கடைசியாகச் சில சந்தேகங்கள். எந்த வாரம் பதிவு செய்வது? ஜன்னல் எந்தப் பக்கம்? போட்டோவில் கண்ணாடிப் பிரதிபலிப்பு விழாமல் எப்படி எடுப்பது?

---

தாழம்பூ எழுதியது:

கிழமையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போனது, இங்கே சொல்லிவிடுகிறேன். அக்டோபர் இரண்டாம் திங்கள் விடுமுறையை ஒட்டிய வீக்கெண்டைத் தவிருங்கள். நிறம் உச்சத்தில் இருக்கும், ஆனால் காங்கமாகஸில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும், வியூபாயின்ட்டில் பஸ் நிறுத்த இடம் கிடைக்காது. அதற்கு முந்தைய வாரமோ அதே வாரமோ செவ்வாய், புதன் பாருங்கள். நிறம் வடக்கிலும் உயரத்திலும் தொடங்கிக் கீழேயும் தெற்கேயும் இறங்கும். கணவாயில் இலை உதிர்ந்திருந்தாலும் கான்வே பக்கம் நன்றாக இருக்கும். ஒரே நாளில் எல்லா உயரத்தையும் கடக்கிற டூர் என்றால் ஏமாற்றம் குறைவு.

லிங்கனிலிருந்து கிழக்கே போகிற பஸ் என்றால் இடப்பக்கம் கேளுங்கள், ஸ்விஃப்ட் ஆறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் வரும். எதிர்த்திசை என்றால் வலப்பக்கம். பாதி வழியில் பக்கத்து வரிசைக்காரரோடு சீட் மாற்றிக்கொள்வதும் நல்லது. நாங்கள் அந்தப் பாட்டியோடு மாற்றிக்கொண்டோம், அவர்கள் பேரன் அதுவரை ஆற்றைப் பார்க்கவே இல்லை. போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள். அடர்நிற உடை போட்டால் பிரதிபலிப்பு இன்னும் குறையும்.

கைடுக்கும் டிரைவருக்கும் தனித்தனியாக டிப்ஸ் கொடுக்கச் சில்லறையாக எடுத்துவையுங்கள். மாமியாருக்குத் தோன்றுகிற கேள்வியை அவர் தமிழில் கேட்கட்டும், நீங்கள் கைடிடம் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

---

வழிப்போக்கன் எழுதியது:

மருதம், பதிவு செய்யும்போது செங்காந்தள் சொன்ன கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: நீண்ட ஸ்டாப் எங்கே என்று. கடை என்று பதில் வந்தால் வேறு டூர் பாருங்கள். கிராஃபர்டு நாட்ச் வழியாகப் போகிற டூர் பெயரை, வெண்ணிலா, எனக்குத் தனிமடலில் அனுப்ப முடியுமா? அப்பா மறுபடி வருகிறார். காங்கமாகஸுக்கு நான் ஓட்டிக்கொள்கிறேன், அந்தப் பாதைக்குப் பஸ்ஸில் போகிறோம்.